பலகைத் துறையில் போட்ட வெள்ளைக் கோடு

பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஆஸ்பத்திரி வாசலில் அடித்தாலும் வரும், கல்யாண மண்டபத்துக் கக்கூஸில் அடித்தாலும் வரும். எங்கள் திண்டுக்கல் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ஊருக்குப் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் சாக்கடையை அள்ள மாட்டார்கள். அதன் இரண்டு கரையிலும் வெள்ளைப் பொடியால் கோடு இழுத்துவிடுவார்கள். உள்ளே நாய் செத்துக் கிடந்தாலும் கோடு நேராக இருந்தால் ஊர் சுத்தம். வந்தவரும் கோட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போவார். அந்தக் கோட்டை ஒருநாள் நானும் போட்டேன். நேராகவே போட்டேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் இரண்டு மூன்று வருஷம், ஆத்தூர் போகிற வழியில் ஒரு குளத்துக்கரை விடுதியில் வேலை பார்த்தேன். பத்தாம் வகுப்பு அறிவியலை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் தேறாதவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம் என்று வீட்டில் சொன்னார்கள். பரிசல் தள்ளுவேன், செடிக்குத் தண்ணீர் விடுவேன், கொடைக்கானல் போகிற வழியில் தங்க வருகிறவர்களின் பெட்டியைத் தூக்குவேன், பெட்டிக்குச் சொந்தக்காரர்களைக் கேலி பண்ணுவேன். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதை மட்டும் ஒருநாளும் லீவு போடாமல் செய்தேன்.

விடுதிக்குப் பெருமையே அந்தப் பலகைத் துறைதான். கரையிலிருந்து குளத்துக்குள் கல்தூண் ஊன்றி, மேலே வேங்கைப் பலகை அடித்து, நாலு பேர் கை கோத்து நடக்கிற அகலத்தில் நீட்டிவிட்டிருந்தார்கள். பாதித் துறையை ஒரு புங்கமரம் மூடியிருக்கும். அந்த நிழலுக்கு ஆசைப்பட்டு ஆட்கள் வந்து உட்காருவார்கள். அதே நிழலில் மழை மாதங்களில் பலகை காயாது, பச்சைப் பாசி ஏறும். செருப்போடு வந்தவன் வழுக்குவான், வெறுங்காலோடு வந்தவன் செருப்புக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வழுக்குவான். ஒரு புது மாப்பிள்ளை, பொண்டாட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்கப் போய், அவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் துறையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "பரவால்லண்ணே, இப்பவே தெரிஞ்சு போச்சுல்ல அவங்களுக்கு" என்று நான் சொன்னதற்கு அந்தப் பெண்தான் முதலில் சிரித்தாள்.

துறைக்கு அடியில் என் அக்கா வீட்டுக்காரரின் வலை கிடந்தது. அவரை நான் மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். குளத்து மீன் குத்தகையில் அவருக்கும் ஒரு பங்கு. மீன் பண்ணையிலிருந்து வாங்கிவருகிற குஞ்சு சீரக அளவுதான் இருக்கும். அதை நேராகக் குளத்தில் விட்டால் விரால் ஒரே நாளில் விழுங்கிவிடும். அதனால் கொசுவலை மாதிரி பொடிக்கண் வலையில் பெட்டிபோல் தைத்து, மூங்கில் சட்டத்தில் கட்டி, காலி கேன்களை மாட்டி மிதக்கவிட்டு, குஞ்சு விரல் நீளம் ஆகும்வரை அதற்குள் வளர்க்க வேண்டும். வெயிலும் ஆகாது, எருமை வந்து கலக்கினாலும் ஆகாது. குளம் முழுக்கத் தேடியும் அதற்குத் தோதான இடம் இந்தப் பலகைக்கு அடியில்தான் கிடைத்தது. விடுதி முதலாளி டவுனில் கடை வைத்திருக்கும் வேதக்காரர், கிறிஸ்தவர், நல்ல மாதிரி. "தண்ணிக்கு அடியில கெடக்குறது எனக்கு என்ன இடைஞ்சலு, கட்டிக்கப்பா" என்று சொல்லிவிட்டார்.

மேனேஜர் கொங்குப் பக்கத்துக் கீரனூர்க்காரர். கோபம் வந்தால்கூட மரியாதை குறையாது. அந்த மரியாதைதான் எனக்கு ஆகாது. திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். 'வாங்க போங்க' என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் கால் வைக்கிறவனை என்ன செய்வது?

முதலாளியின் பேத்திக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். கோயில் பூசை முடிந்து விருந்து இங்கே, பலகைத் துறையில். வெள்ளைக் கவுன் போட்ட பிள்ளைகள் ஓடும், வழுக்கக் கூடாது. முதல் நாள் காலையில் மேனேஜர் ஒரு பிளீச்சிங் பவுடர் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார்.

"தம்பி, இதைக் கரைச்சு ஊத்தித் தேச்சுடுங்க. அரைமணி நேரத்துல பளிச்சுன்னு ஆயிருமுங்க."

"கீழ மச்சான் வலை கெடக்கே சார்."

"ஏனுங்க தம்பி, குடிக்கிற தண்ணித் தொட்டியிலயே இதத்தானுங்க போடுறாங்க. மனுசன் குடிக்கலாம், மீனு குடிக்கக் கூடாதுங்களா?"

எனக்கு அது சரியென்றுதான் பட்டது. அறிவியல் தேறாதவன் வேறு. அதைவிட, பாசியைச் சுரண்டி நாள் முழுக்கக் குனிந்து கிடப்பதற்குப் பதில் அரைமணி நேரத்தில் முடியும் என்றதும் என் சோம்பேறித்தனம் எனக்கு முன்னால் ஓடிப்போய் வாளியை எடுத்துவந்தது. கரைத்தேன், ஊற்றினேன், தென்னைவிளக்குமாற்றால் தள்ளினேன். பச்சை பழுப்பாகி, பழுப்பு வெளுத்து, பலகை எலும்பு நிறத்துக்கு வந்தது. தள்ளிய தண்ணீர் எல்லாம் பலகை இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக எங்கே போனது என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் விருந்துக்கு முன்னால் மேனேஜர் மிச்சப் பொடியைக் காட்டினார். "ரெண்டு ஓரத்துலயும் ஒரு கோடு போட்டுருங்க தம்பி. பார்க்கிறவங்களுக்குச் சுத்தம் தெரியணுமில்லீங்களா?"

போட்டேன். கயிறு கட்டி, கையைக் கோலம் போடுகிற மாதிரி வைத்து, துறையின் இரண்டு விளிம்பிலும் முனைவரைக்கும் இழுத்தேன். சமையல்கார அக்கா பார்த்துவிட்டு, "ஏலே, நீ முனிசிபாலிட்டியில பெறக்க வேண்டியவன்டா" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்த ஃபாதரைக்கூடக் கோட்டை மிதிக்காமல் நடக்கச் சொன்னேன். பிள்ளைகள் ஓடினார்கள், ஒருத்தரும் வழுக்கவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது. சாயங்காலம் நல்ல மழை. கோடு போன இடம் தெரியவில்லை.

அது போன இடம் மறுநாள் காலையில் தெரிந்தது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் குழைத்து எடுத்துக்கொண்டு விருந்துக் கூட்டத்தால் முந்தின நாள் வராத மச்சான் வந்தார். இடுப்புத் தண்ணீரில் இறங்கி வலையின் ஒரு மூலையைத் தூக்கினார். குஞ்சுகள் அரை விரல் நீளம் வளர்ந்திருந்தன. எல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்து, ஊறிய அவல் மாதிரி மிதந்தன. அவர் கொஞ்சம் தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். அதன் மேல் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். குழைத்துக் கொண்டுவந்த தீனியைக் கரையில் வைத்துவிட்டு, வலையை அப்படியே சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

கேட்க வந்தது என் அக்காதான். மேனேஜர் அறைக்கு நேராகவே போனாள்.

"எல்லாம் செத்துக் கெடக்குதே, என்னாத்த ஊத்துனீங்க?"

"அது புது மழைத் தண்ணிங்க அம்மிணி. மீனுக்கு ஒத்துக்காதுங்க."

"மழை குளம் பூராவுந்தான பேஞ்சுச்சு? மத்த மீனெல்லாம் துள்ளுது. இந்த வலைக்கு மட்டும் தனியா பேஞ்சுச்சாக்கும்?"

"அதெல்லாம் நமக்குத் தெரியாதுங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். "சார், அந்தப் பொடில ஒரு ஸ்பூனு டீல கலக்கித் தாரேன், குடிச்சுக் காட்டுங்க. மனுசன் குடிக்கலாம்னுதான சொன்னீங்க" என்றேன். அவர் சிரித்தார். "தம்பிக்கு எப்பவும் வெளையாட்டுங்க" என்று அக்காவிடமே சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ வாய மூடுறா. ஒன் வாயி இருக்க அளவுக்கு மூளை இருந்திருந்தா இது நடந்துருக்காது" என்றாள்.

அந்த வெள்ளைக் கோட்டின் லட்சணம் எனக்குத் தெரியாமலும் இல்லை என்பதுதான் இன்னும் எரிகிறது. நான் வளர்ந்தது டவுனுக்குக் கிழக்கே, தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவு ஓடுகிற வாய்க்கால் பக்கம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். அதில் வேகவைத்த பருப்பு வேகாது, வெளுத்த சட்டை வெளுக்காது. அதைப் பற்றிப் பேச வருகிற ஒவ்வொருத்தருக்கும் வாய்க்கால் ஓரமாக வெள்ளைக் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டின் மேல் ஒன்றுக்கு இருந்தவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு கொங்குக்காரர் 'ங்க' போட்டுச் சொன்னதும் கயிறு கட்டிக் கோடு இழுத்திருக்கிறேன்.

மச்சான் என்னோடு பேச்சை நிறுத்தினார். வீட்டுக்குப் போனால் சோறு போடுவார்கள். குழம்பும் வெஞ்சனமும் அக்கா வைப்பாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். மாப்ள என்ற சொல்லே அந்த வீட்டில் இல்லாமல் போனது.

ஒரு மாதத்தில் பலகையும் பழி வாங்கியது. வெளுத்த இடமெல்லாம் மேல்தோல் உரிந்து, தடவினால் பஞ்சு மாதிரி நார் நாராக வந்தது. ஆணித்தலைகள் துருப்பிடித்து அழுதன. அந்தப் பஞ்சு ஈரத்தைக் குடித்துவைத்துக்கொண்டதால், முன்னைவிட வேகமாக, முன்னைவிடத் தடியாகப் பாசி ஏறியது. மேனேஜர் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மூட்டை வேணுமுங்க போலிருக்கு" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் புங்கமரத்தில் ஏறினேன். ஏறி என்ன செய்வது என்று தெரியவில்லை. கையில் அரிவாள் இருந்தது, துறைக்கு மேலே நீட்டியிருந்த இரண்டு கிளையை வெட்டிப் போட்டேன். இறங்கிப் பார்த்தால் பலகையில் வெயில் விழுந்துகிடந்தது. சாயங்காலத்துக்குள் அந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது.

அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பலகை இடுக்குகளில் வருஷக்கணக்கான சருகு மக்கி அடைத்திருந்தது. தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நின்றதற்கு அதுதான் காரணம். பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்து ஒவ்வொரு இடுக்காக நோண்டினேன். வலைக்கண் சாக்கைக் கீழே கட்டிவிட்டு, விழுந்த மக்கை எல்லாம் அதில் பிடித்துத் தென்னைமர மூட்டில் கொட்டினேன். பாசியை ஈரத்தில் தொடவில்லை. இரண்டு நாள் காயவிட்டால் அது அப்பளமாகி உரியும். அப்புறம் தேங்காய் மட்டையைப் பாதியாக வெட்டி, நார்ப்பக்கத்தைக் கீழே வைத்து, மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் மரம் கீறும். கடைசியில் துடைக்க இரண்டு வாளிக் குளத்துத் தண்ணீர் போதும். எந்தப் பொடியும் வேண்டாம். முழுத்துறைக்கும் நாலு நாள் ஆனது. முட்டி வீங்கியது. நடந்து பார்த்தேன், ஓடிப் பார்த்தேன், வழுக்கவில்லை. பலகை மட்டும் வெள்ளையாக இல்லை. மர நிறத்தில், தேன் கலந்த காப்பி மாதிரி இருந்தது.

மேனேஜர் வந்து செருப்பால் அழுத்திப் பார்த்தார். "சுத்தமாத்தானுங்க இருக்கு. ஆனா சுத்தமா இருக்குதுன்னு தெரியலீங்களே" என்றார்.

அந்த வருஷம் பண்ணையில் இன்னும் ஒரே ஒரு தடவைதான் குஞ்சு கிடைக்கும். மச்சானுக்குத் துறையடியை விட்டால் வேறு இடம் இல்லை. அக்காவிடம் போய் நின்றேன். "இனிமே அந்தப் பலகைல ஒரு சிட்டிகைப் பொடி விழாதுக்கா. நான் பாத்துக்கிறேன். மச்சான்ட்ட சொல்லு" என்றேன்.

"ஒன்ன நம்பியா?"

"என்னிய நம்ப வேணாம். பலகைய வந்து பாக்கச் சொல்லு."

அவர் வந்து பார்த்தார். குனிந்து இடுக்கில் விரல் விட்டார். இரண்டு நாள் கழித்துக் காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் குஞ்சுகளை டிவிஎஸ் வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்து வலையில் விட்டார். அக்கா மட்டும் சொன்னாள்: "இதுவும் போச்சுன்னா இந்த வருசம் கொளத்துல விட ஒன்னும் இல்ல. அவரு பங்க எடுத்துக்கிட்டு வேற ஆளப் போட்டுருவாங்க. அம்புட்டுதான்."

குஞ்சு விரல் நீளம் ஆக இன்னும் பத்து நாளோ என்னவோ இருந்தது. சுற்றுலாவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரி ஒருத்தர் விடுதியைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். அன்றைக்குக் காலையில் நான் துறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர் புது மூட்டையோடு வந்தார்.

"கழுவ வேண்டாமுங்க தம்பி. கோடு மட்டும் போதும்."

"வேணாம் சார். கீழ குஞ்சு கெடக்கு."

"ஒரே ஒரு கோடுங்க. ஆபீசர் போனதும் கூட்டி எடுத்துக்கலாம்."

"காத்து அடிச்சாப் போதும், கீழ இறங்கிரும். ஆபீசருக்குக் கோடுதான வேணும்? கோலமாவுல போட்டுத் தாரேன். பூ வேணுமா, தேரு வேணுமா, சொல்லுங்க."

"கோலமாவுக்கு வாசம் வராதுங்களே. வாசம் வந்தாத்தானுங்க மருந்து போட்டுருக்குன்னு நம்புவாங்க."

நான் போய் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டேன். "எந்திரிங்க தம்பி" என்றார். "நல்லா மெத்துன்னு இருக்கு சார். நீங்களும் ஒரு ஓரமா ஒக்காருங்க" என்றேன். அவர் அப்போதும் முகம் சுளிக்கவில்லை. சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறி, முதலாளிக்குப் போன் போட்டு, இறங்கிவந்து போனை என்னிடம் நீட்டினார். நல்ல மாதிரி என்று சொன்னேனே, அந்த முதலாளி: "இன்னைக்கு ஒருநாள் அவரு சொல்றதச் செய்யப்பா. மீனப் பத்திப் பெறகு பேசிக்குவோம்" என்றார். அவருக்கும் ஒன்றும் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

எழுந்தேன். ஈர மூட்டை கைலியோடு சேர்த்துத் தோலையும் கடித்திருந்தது, பின்பக்கம் எரிந்தது. அதைத் தடவிக்கொண்டே பரிசலில் குதித்தேன். துறைக்கு அடியில் போய், தூணில் கட்டியிருந்த வலைக்கயிறுகளை அவிழ்த்தேன். அதற்குள் கரையில் மச்சான் தீனிச் சட்டியோடு வந்துவிட்டார். மேலே மூட்டையைப் பிரிக்கிற மேனேஜரையும், கீழே கயிற்றைப் பிடித்திருக்கிற என்னையும் பார்த்தார். சட்டியை வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, மூங்கில் சட்டத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

எதிர்க்கரையில் மடைப்படி இருக்கிறது. மத்தியானம்வரைதான் அங்கே நிழல். எருமைகள் வரும் இடம், பகலெல்லாம் ஆள் உட்கார்ந்து காவல் காக்க வேண்டும். வேறு வழி இல்லை. நான் துடுப்புப் போட, அவர் பரிசலில் ஏறிக் குப்புறப் படுத்து, சட்டம் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வேகமாகப் போனால் வலை ஒட்டிக் குஞ்சு நசுங்கும். எருமை நடக்கிற வேகத்தில்தான் போனோம்.

பாதிக் குளத்தில் திரும்பிப் பார்த்தேன். மேனேஜர் தனியாக, பேன்ட்டை முட்டிவரை மடித்துவிட்டு, துறையின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து பொடியைத் தூவிக்கொண்டிருந்தார். கயிறு கட்டவில்லை. கோடு பாம்பு மாதிரி போனது.

"சார், கோணலாப் போகுது. ஆபீசரு மார்க்கக் கொறைச்சிருவாரு" என்று கத்தினேன். கத்திய பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. "வேலையும் வேணாம், ஒன்னும் வேணாம். அந்தாள அந்தப் பொடிக்குள்ளயே புதைக்கணும் மச்சான். அவன் ஒரு மூஞ்சி, அவன் ஒரு 'ங்க'. போன தடவ அத்தனையும் கொன்னவன்…"

மச்சான் தலையைத் தூக்கவில்லை. வலைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சொன்னது அந்தாளு. போட்டது நீயி."

மாதக்கணக்கில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. துடுப்பைப் போட்டேன்.

மடைப்படியில் சட்டத்தைக் கட்டிவிட்டு வலையின் மூலையைத் தூக்கிப் பார்த்தார். குஞ்சுகள் கலைந்து ஓடின. அவர் எனக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்தார். நான் எருமை வருகிற பக்கமாகப் போய், ஒரு குச்சியை ஒடித்து வைத்துக்கொண்டு, எரிகிற பின்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்தபடி நின்றேன்.